எட்டரை மணி மூக்கு

ஜனவரி 6, திங்கள்

கல்லூரி திறந்தது. பத்து நாள் காய்ச்சலும் சளியுமாக என்னைப் படுக்கையில் போட்டுப் புரட்டிய கிருமி கடைசியில் என் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தது. போடிநாயக்கனூர் முழுக்க நிம்மதியாக மூச்சுவிட்டிருக்கும்.

பிற்காலத்தில் இந்த டைரியை வைத்து ஆராய்ச்சி செய்யப்போகிறவர்களுக்கு ஒரு தகவல். வேதியியல் துறையில் இருபத்துநான்கு வருஷமாக லேப் அட்டெண்டராக இருக்கும் தவசியப்பன் என்பவன் நான்தான். தினமும் காலை எட்டரை மணிக்கு லேப்புக்குள் நான் ஒருவன் மட்டும் நுழைவேன். நான்கு மேடை, பதினாறு பர்னர், பதினாறு ரப்பர் குழாய். மெயின் வால்வைத் திறந்துவிட்டு ஒவ்வொரு குழாயாக மூக்கை வைத்துக்கொண்டே ஒரு சுற்று வருவேன். கேஸ் கசிகிறதா, எந்தப் பாட்டில் மூடி தளர்ந்திருக்கிறது, எல்லாம் என் மூக்குக்குத் தெரிந்துவிடும். சுற்று முடிந்ததும் நோட்டில் கையெழுத்துப் போட்டு, கதவைத் திறந்து, "வாங்க" என்பேன். அந்த ஒரு சொல் வராமல் துறைத்தலைவர்கூட வாசலைத் தாண்டமாட்டார். இருபத்துநான்கு வருஷத்தில் ஒரு தீவிபத்து கிடையாது. ஒருமுறை தேனி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே இங்கே அமோனியா மூடி தளர்ந்ததை மோந்து, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து இறுக்கியிருக்கிறேன். நம்பாதவர்கள் நம்பவேண்டாம்.

கம்பத்திலிருந்து புதிதாக ஒரு பேராசிரியை வந்திருக்கிறார். நஸ்ரின் மேடம். கேஸ் கசிவை எதை வைத்துச் சோதிக்கிறீர்கள் என்று கேட்டார். மூக்கைத் தொட்டுக் காட்டினேன். சிரிக்கவில்லை. சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

என்ன குறித்தார்?

ஜனவரி 8, புதன்

டீக்கடை மொக்கைச்சாமி டீயில் இஞ்சி போடுவதை நிறுத்திவிட்டான். கேட்டால், கண் முன்னாலேயே தட்டிப் போட்டேனே அண்ணே என்று சத்தியம் செய்கிறான். வெந்நீரில் செம்மண்ணைக் கரைத்து விற்கிறான், இதற்குச் சத்தியம் வேறு.

ஜனவரி 10, வெள்ளி

ஊரில் ஏதோ நடக்கிறது.

போடியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த ஊர் என்று சொல்லிவிடுவான். ஏலக்காய் வாசம் அப்படி. இன்று கடைவீதியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். ஒன்றுமில்லை. ஏலக்காய்க் குடோன் மேலாளரிடம், போலிச் சரக்கு ஏற்றுகிறீர்களா என்று நயமாகக் கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டி, மோந்து பாருய்யா என்றார். நல்ல பச்சை, நல்ல பருமன். வாசம்தான் இல்லை. காகிதத்தில் செய்து மை பூசியிருக்கிறார்கள். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள்வரை எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கும்.

வீட்டில் ஜெயக்கொடி வைத்த சாம்பாரிலும் பெருங்காயம் இல்லை. இருக்கிறது என்கிறாள். முப்பது வருஷக் குடித்தனம். இவளையும் வளைத்துவிட்டார்கள்.

ஜனவரி 15, புதன்

நேற்று பொங்கல். தங்கச்சி குடும்பமும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. பெண்கள் வாசலில் கோலத்துக்கு வண்ணம் போட்டுக்கொண்டிருக்க, அடுப்பிலிருக்கும் பானையை மேற்பார்வையிடும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. ஒரு முழம் தள்ளித்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தெருவிலிருந்து ஜெயக்கொடி தலைதெறிக்க ஓடிவந்து பானையை இறக்கினாள். அடி முழுக்கக் கரி.

"பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்னத்தைப் பாத்தீங்க? தெருமுனை வரைக்கும் நாறுது."

பானையின் அடி மெலிசு என்று விளக்கினேன். இந்தக் காலத்துப் பானைகள் அப்படித்தான். யாரும் காதில் வாங்கவில்லை. தங்கச்சி மகள் ரோகிணி மட்டும் கையில் கோலப்பொடியோடு வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் கல்லூரியில்தான் இரண்டாம் வருஷம் வேதியியல் படிக்கிறாள். நான்தான் சேர்த்துவிட்டேன். மாமா "வாங்க" என்று சொன்னபிறகு உள்ளே வருகிற பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

துறைத்தலைவர் கூப்பிட்டுவிட்டார். இந்தப் பருவம் லேப் பாதுகாப்பு முழுவதும் நஸ்ரின் மேடம் பொறுப்பாம். மார்ச்சில் செய்முறைத் தேர்வு. அதற்குள் அவர் எல்லாவற்றையும் ஆராய்ந்து அறிக்கை கொடுப்பாராம். லேப்புக்குச் சரிப்படாதவர்களை சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாற்ற முதல்வர் சம்மதித்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைக்கிள் ஸ்டாண்ட். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அந்தத் தகரக் கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிள்ளைகளுக்கு டோக்கன் கிழித்துக் கொடுப்பதற்கா கடவுள் எனக்கு இந்த மூக்கைக் கொடுத்தார்?

ஆக, மேடத்தின் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது விளங்கிவிட்டது.

ஜனவரி 22, புதன்

மொக்கைச்சாமியின் சதியை முறியடித்துவிட்டேன். இனி என் டீ என் பொறுப்பு. காலை எட்டேகாலுக்கு வந்து, ஏழாம் நம்பர் பர்னரை ஜன்னலோரம் இழுத்துவைத்து, பீக்கரில் தண்ணீர் சுடவைக்கிறேன். குழாய் கொஞ்சம் நீளம் போதாது. இழுத்துப் பிடித்தால் எட்டிவிடும். உப்பு பொடிக்கிற பீங்கான் கல்வத்தில் இஞ்சி தட்டுகிறேன். கழுவிவிட்டுத்தான்.

இன்று ஒரு கைப்பிடி இஞ்சி போட்டேன். தொண்டை எரிந்தது. வாசம் வரவில்லை. இஞ்சியும் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டது.

ஜனவரி 24, வெள்ளி

இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு மேடம் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார். பாட்டிலை மூக்குக்கு நேராகக் கொண்டுபோகக்கூடாது, தள்ளிப் பிடித்துக் கையால் விசிறித்தான் மோக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, இதைச் செய்துகாட்ட நம் தவசி அண்ணனை விட்டால் யார் என்று என்னை மேடைக்கு அழைத்தார். முப்பது பிள்ளைகள் கை தட்டினார்கள். பட்டாபிஷேகம் மாதிரி இருந்தது. அப்போதே சுதாரித்திருக்கவேண்டும்.

லேபிள் மறைத்த முதல் பாட்டில். விசிறினேன். கண்ணில் குபுக்கென்று தண்ணீர். அமோனியா என்றேன். மறுபடி கைதட்டல். இரண்டாவது பாட்டில். விசிறினேன். நன்றாகப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தரம் விசிறினேன். நிறமில்லை, கண் எரியவில்லை. இதில் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று புரிந்துபோய், தண்ணி என்று அறிவித்தேன்.

பின்பெஞ்சுக்காரர்கள்கூட மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அது வாழைப்பழ எசன்ஸ் மாதிரி அறையையே தூக்குகிற எஸ்டராம். பிற்பாடு லேபிளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"மாமா விளையாடுறாரு மேடம்" என்றாள் ரோகிணி, மூன்றாவது வரிசையிலிருந்து.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆமாம், விளையாடினேன்.

மேடம் சிரிக்கவில்லை.

ஜனவரி 29, புதன்

நாசவேலை தொடங்கிவிட்டது.

காலையில் போனால் பர்னர் குழாய்களின் இணைப்பில் எல்லாம் ஈரம். தொட்டால் வழவழ. ஏழாம் நம்பரில் லேசாக நுரைகூட இருந்தது. என்ன திரவம் என்று தெரியவில்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கசந்தது. பதினாறு பர்னரிலும் இதே கதை. மெயின் வால்வுக்கும் பூசியிருக்கிறார்கள். பூட்டு உடையவில்லை. இன்னொரு சாவி துறைத்தலைவரிடம்தான் உண்டு. அதைப் போன வாரம் மேடம் வாங்கிக்கொண்டார் என்று வாட்ச்மேன் சொன்னான்.

என்ன திட்டம்? மூன்று வழியில் யோசித்துவிட்டேன். ஒன்று, நான் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளவேண்டும். இரண்டு, குழாய்கள் உளுத்துப்போய்ப் பழி என் தலையில் விழவேண்டும். மூன்றாவது இன்னும் பயங்கரமானது. அதை எழுதினால் இந்த நோட்டு தீப்பிடிக்கும்.

பிப்ரவரி 3, திங்கள்

ஈரம். இன்றும் எல்லா இணைப்பிலும். துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஈரம்.

சாயங்காலம் ரோகிணி வீட்டுக்கு வந்து அத்தையோடு வெகுநேரம் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தாள். நான் போனதும் இரண்டு பேரும் பூண்டின் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரியாதா?

போகும்போது, "மாமா, நீங்க காலையில சீக்கிரம் போறீங்களா இப்பல்லாம்?" என்றாள். சூரியனே என்னைப் பார்த்துத்தான் கிளம்புகிறது என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பெல்லாம் இதில் பாதி சொன்னாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

பிப்ரவரி 5, புதன்

நாளைக் காலை ஆளைப் பிடிக்கப்போகிறேன். முன்கதவுப் பூட்டு அப்படியே இருக்கும். பின்பக்கம் ஸ்டோர் கதவு வழியாக ஏழு மணிக்கே உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். அந்த உளவாளி கையும் களவுமாக மாட்டும்போது என்ன வசனம் பேசவேண்டும் என்று ஜெயக்கொடியிடம் ஒத்திகை பார்த்தேன். மருந்து சாப்பிட்டுப் படுங்க என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு ஸ்டோர் வழியாக உள்ளே போனேன். ஆள் வரும்வரை ஒரு டீ குடிக்கலாம் என்று தோன்றியது. மெயின் வால்வைத் திறந்தேன். ஏழாம் நம்பர் பர்னரை ஜன்னலோரம் இழுத்து வைத்தேன். ஜன்னலைத் திறக்கவில்லை, வெளியிலிருந்து யாராவது பார்த்துவிட்டால் திட்டம் கெட்டுவிடும். பீக்கரில் தண்ணீர் பிடித்தேன். இஞ்சியைத் தோல் சீவி, கல்வத்தில் தட்டினேன். எல்லாம் நிதானமாக. பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கையில் உருவினேன்.

அப்போது முன்கதவில் சாவிச் சத்தம். குச்சியோடு தராசு அறைக்குள் நுழைந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

ரோகிணி. ஒரு கையில் பிளாஸ்டிக் குவளை, அதில் சோப்புத் தண்ணீர், ஒரு பிரஷ். வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். துப்பட்டாவை மூக்கில் வைத்தாள். "கேஸ்" என்றாள், தனக்குத்தானே. குவளையைக் கீழே வைத்துவிட்டு, புகையை வெளியே தள்ளும் ஃபேனின் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

நானாக இருந்தாலும் அந்த வயதில் அதைத்தான் செய்திருப்பேன். வாசம் வந்தால் ஃபேன் போடத்தான் தோன்றும். ஆனால் சுவிட்சில் ஒரு பொறி பறந்தால் போதும்.

"தாயி, சுவிட்ச்ச தொடாத."

என் குரல்தான். ஒத்திகை பார்த்த வசனம் இதுவல்ல.

கை அப்படியே நின்றது. மெயின் வால்வை மூடு என்றேன், ஜன்னலைத் திற என்றேன். நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக எல்லா ஜன்னலையும் திறந்தோம். அப்புறம்தான் அவள் என் கையைப் பார்த்தாள். குச்சி இன்னும் விரலிடுக்கில் இருந்தது. தீப்பெட்டி இன்னொரு கையில். இரண்டையும் மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"வெளிய வாங்க மாமா."

வராந்தாவில் தரையில் உட்கார்ந்தோம். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றொன்றாகச் சொன்னாள். பொங்கலன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். வகுப்பில் எஸ்டரைத் தண்ணி என்றதும் உறுதியாகிவிட்டதாம். அன்று சாயங்காலமே மேடத்திடம் போய்ச் சொன்னவள் அவள்தான். மேடம் உடனே அறிக்கை எழுத உட்கார்ந்தாராம். இவள் அழுது, தேர்வு முடியும்வரை விடுங்கள், தினமும் மாமாவுக்கு முன்னாடி நான் வந்து சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிடுகிறேன், கசிந்தால் நுரை முட்டையிடும், உங்களுக்குப் போன் செய்கிறேன் என்று சாவியை வாங்கியிருக்கிறாள்.

நான் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேனே, அந்த ஈரம்.

"உனக்கு எங்க வந்துச்சு வாசம்?" என்று கேட்டேன்.

"படிக்கட்டுலயே வந்துருச்சு மாமா."

படிக்கட்டிலிருந்து லேப் வாசலுக்கு இருபத்திரண்டு தப்படி. நான் உள்ளேயே நின்று இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிநேரம் காற்றாட விட்டபிறகு உள்ளே போய் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தோம். ஏழாம் நம்பர் குழாயில், பர்னரோடு சேரும் இடத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு. குமிழி குமிழியாக வந்தது. நான் தினமும் இழுத்த இடம்.

பிப்ரவரி 7, வெள்ளி

லீவு போட்டேன். வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

துறைத்தலைவர் அறையில் மேடமும் இருந்தார். எனக்கு வாசம் தெரியவில்லை என்றேன். இவ்வளவு சின்ன வாக்கியம் என் வாழ்நாளில் பேசியதில்லை. டிசம்பர் காய்ச்சலிலிருந்து என்றேன். டீ போட்டதையும் சொன்னேன், கல்வத்தில் இஞ்சி தட்டியதையும், எந்தக் குழாயை இழுத்தேன் என்பதையும். ரோகிணி பேரை எடுக்கவில்லை. மேடமே எடுத்தார். அந்தப் பெண் சொன்ன அன்றே தான் எழுதிக் கொடுத்திருக்கவேண்டும், ஒரு மாணவியை அங்கே தனியாக அனுப்பியது தன் தப்பு என்று துறைத்தலைவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இந்தப் பெண்மணியைப் பற்றி இந்த டைரியில் முன்னால் எழுதிய பக்கங்களைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

துறைத்தலைவர் சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றி ஆரம்பித்தார்.

"நாளைக்கு எனக்கும் சளி பிடிக்கும் சார்" என்றார் மேடம். "அப்ப என்னையும் ஸ்டாண்டுக்கு அனுப்புவீங்களா? மூக்கை நம்பி லேப் நடத்துனதுதான் தப்பு. சுவிட்ச்ச தொடாதன்னு சொல்ல அங்க ஒரு ஆளு வேணும்."

முடிவு இது. டீ போட்டதற்காக ஒரு எழுத்துமூலமான எச்சரிக்கை என் கோப்பில் சேரும். சாவி இனி மேடத்திடம். காலை எட்டு மணிக்கு மேடம் திறப்பார். நான் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாகப் பதினாறு இணைப்பையும் தடவுவேன், கூட ஒருவர் நின்று பார்ப்பார். நோட்டில் இரண்டு கையெழுத்து. இரண்டும் விழாமல் கதவு திறக்காது. தேனி அரசு மருத்துவமனையில் மூக்கைக் காட்டவேண்டும்.

சாவிக்கொத்திலிருந்து அந்தச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். இருபத்துநான்கு வருஷம் இருந்ததில் வளையத்திலேயே ஒரு தடம் விழுந்திருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

டாக்டர் இளைஞர். வரலாம், வராமலும் போகலாம், நாளாகும் என்றார். வீட்டில் தினமும் காலையும் மாலையும் நான்கைந்து பொருளை மோந்து பழகச் சொன்னார். ஜெயக்கொடி ஒரு தட்டில் கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள், ஏலக்காய் வைத்து நீட்டினாள். அது காகித ஏலக்காய் இல்லை என்று தெரிந்துகொண்டேன். குடோன் பக்கம் ஒரு மாதம் தலைகாட்டமுடியாது.

மார்ச் 13, வியாழன்

செய்முறைத் தேர்வு. மதுரையிலிருந்து வெளித்தேர்வாளர் வந்திருந்தார். காலையில் நான் பிரஷ்ஷோடு மேடைக்கு மேடை போவதைக் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவைத்துப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். உலகத்திலேயே மிகப்பெரிய சோப்புக் குமிழிப் படை இங்கேதான் இருக்கிறது ஐயா, பதினாறு இணைப்பிலும் காவல் நிற்கிறது, நுரை அசைந்தால் போதும், நான் கல்லூரியையே காலி செய்துவிடுவேன் என்றேன். மேடம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

நுரை அசையவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன், மேடம் போட்டார். கதவைத் திறந்தார். ஆனால் பேசவில்லை. என்னைப் பார்த்தார்.

"வாங்க" என்றேன்.

முப்பது பிள்ளைகள் வந்தார்கள். ரோகிணி கண்ணாடி மாட்டி, முடியை இறுகக் கட்டியிருந்தாள். அவளுக்கு விழுந்த இடம் ஏழாம் நம்பர் பர்னர். புதுக் குழாய். என்னைத் தாண்டும்போது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மூன்று மணிநேரம் அவள் தனக்குத் தந்த உப்பு எதுவென்று தேடினாள், நான் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேர்வு முடிந்து சாயங்காலம் மொக்கைச்சாமி கடைக்குப் போனேன். ஜனவரிக்குப் பிறகு இப்போதுதான். முறைத்தான். ஒரு டீ என்றேன். போட்டு என் முன்னால் நங்கென்று வைத்தான்.

"இஞ்சி போட்டியா?"

"போட்டேன்ணே."

குடித்தேன். சூடாக இருந்தது, இனிப்பாக இருந்தது. இஞ்சி போட்டிருக்கிறான். அவன் சொன்னான்.